ஆலிம் படிப்பும் பல்சமயக் கல்விப் பணியும்: நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் காலை மக்தப் பாடத்தை, அதாவது சிறுவர்களுக்கான குர்ஆன் வகுப்பை, முடித்துக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் யாராவது ஒருவர் எனக்காக நிற்பார். மகனை மதரஸாவில் சேர்க்க நினைக்கும் தகப்பனார் வருவார். படிப்பு முடிந்தும் அடுத்த வழி தெரியாத இளம் ஹஸ்ரத் (மார்க்கம் படித்தவரை நாங்கள் மரியாதையாக அழைக்கும் பெயர்) வருவார். தன் பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேச முடியுமா என்று கேட்க ஒரு தமிழாசிரியர் வருவார். காவேரிப்பட்டணத்தில் கேட்ட சந்தேகம்தான் பாலக்கோட்டிலும் தேன்கனிக்கோட்டையிலும் கேட்கிறது. நான் ஆலிம் படிப்பு முடித்து, பிறகு சமயங்களின் ஒப்பாய்வு படித்து, ஒரு சமயத்தாரை மற்றவர் புரிந்துகொள்ளும்படி பள்ளி கல்லூரிகளில் பேசி வருகிறேன். இதைத்தான் பல்சமயக் கல்விப் பணி என்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

ஹாஃபிழ், ஆலிம், முஃப்தி எல்லாம் ஒண்ணுதானா ஹஸ்ரத்?

ஒன்றல்ல. ஹாஃபிழ் என்பவர் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவர். ஆலிம் அரபு இலக்கணம், தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கம்), ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) ஆகியவற்றை முறையாகப் படித்து ஸனது, அதாவது பட்டச் சான்று, வாங்கியவர். ஆலிம் ஆன பிறகு, மார்க்கத் தீர்ப்பு சொல்வதற்கென்றே கூடுதலாகப் படித்தவர் முஃப்தி.

ஹாஃபிழாக இருப்பவருக்கு அரபு வசனத்தின் பொருள் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பல்சமயப் பணிக்கு வர நினைப்பவர் குறைந்தபட்சம் ஆலிம் படிப்பாவது முடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்தவர் வேதத்தைப் பற்றிப் பேசப் போகிறவருக்குத் தன் வேதத்தின் பொருள் தெரியாமல் இருக்கக் கூடாது.

எத்தனை வருஷம்? நம்ம மாவட்டத்திலேயே முடிச்சிடலாமா?

ஆலிம் படிப்பு தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7 ஆண்டுகள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஸர்ஃபும் நஹ்வும், அதாவது சொல்லிலக்கணமும் தொடரிலக்கணமும். பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சோர்ந்து போய் ஊர் திரும்புகிறார்கள். கடைசி ஆண்டில் ஹதீஸ் தொகுப்புகளை ஓதி முடிப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் லக்னோவில் முல்லா நிஸாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம்தான் சிறு மாற்றங்களோடு இன்றும் பல மதரஸாக்களில் நடக்கிறது.

தொடக்க வகுப்புகளை உள்ளூரிலேயே படிக்கலாம். பெரிய கல்லூரிகள் எல்லாப் பக்கமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வேலூரில் பாகியாத்துஸ் ஸாலிஹாத், ஆம்பூர் பக்கம் உமராபாத்தில் 1924-இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம், சேலத்தில் மழாஹிருல் உலூம், பெங்களூரில் ஸபீலுர் ரஷாத். பெயருக்குப் பின்னால் வரும் பாகவி, உமரி, ரஷாதி எல்லாம் இப்படிப் படித்த இடத்தைச் சொல்பவை. சாதிப் பெயரோ குடும்பப் பெயரோ அல்ல.

பையன் எட்டாவது படிக்கிறான். ஸ்கூலை நிறுத்திட்டு ஓதப் போடலாமா?

நிறுத்தாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் கையில் இல்லாமல் ஸனது மட்டும் வைத்திருக்கும் இளைஞர்கள் படும் பாட்டை நேரில் பார்க்கிறேன். நன்றாக ஓதியவர்கள், அறிவாளிகள். ஆனால் ஒரு விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியிலேயே தடுக்கி நிற்கிறார்கள்.

மதரஸாவில் சேர்ந்த பிறகும் பள்ளிப் படிப்பைத் தொடர வழி இருக்கிறது. தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். இதற்கு ஏற்பாடு செய்து தரும் மதரஸாவாகப் பார்த்துச் சேருங்கள். ஏற்கெனவே விட்டுப் போனவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013 முதல் மதரஸா மாணவர்களுக்கென்று இணைப்புப் படிப்பு நடத்துகிறது. ஹைதராபாத்தில் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகமும் மதரஸாவில் படித்து வருபவர்களுக்கு இடம் தருகிறது. வீட்டில் உருது பேசும் நம் பிள்ளைகளுக்கு அது நல்ல வாய்ப்பு.

பல்சமயக் கல்வியாளர்னு ஒரு வேலை நிஜமாவே இருக்கா? சம்பளம் யார் கொடுப்பா?

அந்தப் பெயரில் நியமன உத்தரவு நம் மாவட்டத்தில் யாருக்கும் கிடைக்காது. ஆனால் வேலை இருக்கிறது, வேறு வேறு பெயர்களில். கல்லூரியில் அரபு விரிவுரையாளர், இஸ்லாமியவியல் ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் பயிற்சி தருபவர், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் பேஷ் இமாம் எல்லோருமே இந்தப் பணியைச் செய்யலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் அரபு, அரபுப் பண்பாடும் இஸ்லாமியவியலும், சமயங்களின் ஒப்பாய்வு ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்கள். நெட் தேறினால் விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளம் உறுதியாக வரும் வழி அதுதான்.

இமாமத் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். சிறிய ஜமாஅத்துகளில் முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) நல்லவராக இருந்தாலும் வசூல் வந்தால்தான் சம்பளம். நான் இமாமத் செய்த முதல் ஊரில் மூன்று மாதச் சம்பளம் நின்று போனது. அந்த மூன்று மாதமும் என் மனைவி தைத்துக் கொடுத்த துணியில்தான் அடுப்பு எரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், கையில் ஒரு பட்டமோ தொழிலோ இருக்கட்டும். உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். வயதான உலமாக்களுக்கு அரசு ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பெரியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

பள்ளிகளில் பேசுவதற்கு நான் பணம் கேட்பதில்லை. பஸ் செலவு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். இது என் வழக்கம் மட்டுமே, எல்லோரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உழைப்புக்கு ஊதியம் கேட்பதில் தவறே இல்லை.

ஆலிம் முடிச்சாச்சு. இதுக்குன்னு தனியா என்ன படிக்கணும்?

முதலில் ஒரு இளங்கலைப் பட்டம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா படிப்பு அரபு படித்தவர்களுக்கு நன்கு பழக்கமான வழி. திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னை நியூ கல்லூரியிலும் அரபுத் துறை உண்டு. அதற்கு மேல் போகும்போது உங்கள் துறையோடு நின்றுவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை இருக்கிறது. இஸ்லாமியவியலுக்கும் ஒரு மையம் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இத்தனையும் கிடைப்பது பெரிய வரம். கருத்தரங்கு நடக்கும் நாளில் போய் உட்கார்ந்து கேளுங்கள், அதுவே பாதிப் படிப்பு.

ஹைதராபாத்தில் ஹென்றி மார்ட்டின் நிறுவனம் இருக்கிறது. 1930-இல் லாகூரில் கிறித்தவ ஊழியர்களுக்கு இஸ்லாத்தைக் கற்பிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. இன்று சமயங்களுக்கிடையே உறவையும் சமரசத்தையும் வளர்க்கும் பயிற்சிகள் நடத்துகிறது. அப்படி ஒரு நிறுவனம் தன் நோக்கத்தையே மாற்றிக்கொண்ட வரலாறே படிக்க வேண்டிய பாடம்.

வீட்டுல உருது, ஸ்கூல்ல தமிழ், ஓசூர்ப் பக்கம் தெலுங்கு கன்னடம். எந்த மொழியில பேசறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் பல பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயான், அதாவது வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு, உருதுவில் நடக்கிறது. மதரஸாவிலும் உருது வழியாகவே ஓதி வந்த ஹஸ்ரத்துகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடைத்தெருவில் தமிழ் சரளமாக வரும். மேடையில் ஒரு கருத்தைத் தமிழில் விளக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. முதன்முதலாக ஒரு பள்ளியில் பேசியபோது ஈமான் (நம்பிக்கை), இபாதத் (வழிபாடு), தக்வா (இறையச்சம்) என்று அடுக்கிக்கொண்டே போனேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் தமிழாசிரியை ஒருவர் பக்கத்தில் வந்து, "ஐயா, பாதி புரியல" என்றார். அந்த அம்மாவுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

அப்புறம்தான் தமிழ் முஸ்லிம்களின் சொற்களை உட்கார்ந்து கவனித்தேன். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், வேதம், பெருநாள். எல்லாமே தமிழ்ச் சொற்களாகவும் தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் சொற்களாகவும் இருக்கின்றன. பள்ளி என்பது ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடத்துக்கு வழங்கிய சொல். நோன்பு ஆண்டாள் பாடிய பாவை நோன்பிலும் உண்டு. நம் முன்னோர் தங்கள் மார்க்கத்தைச் சொல்லப் புதுச்சொல் தேடி அலையவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் புரிகிற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

ரமலான் மாதத்தில் பள்ளிகளில் பேசும்போது, "உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்" என்ற குறளிலிருந்து தொடங்குவேன். பட்டினி கிடந்து நோன்பு நோற்பவர் பெரியவர்தான், ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்த இடம்தான் அவருக்கு என்கிறார் வள்ளுவர். பொய்யான பேச்சையும் செயலையும் விடாதவர் உணவையும் தண்ணீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்ற நபிமொழி புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் மீதிப் பாடத்தைப் பிள்ளைகளே நடத்திவிடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்ய நினைப்பவர்கள் தெலுங்கும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

மத்த மதத்துப் புத்தகத்தை எல்லாம் படிச்சா ஈமான் போயிடாதா?

தாய்மார்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. அல்பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் சமஸ்கிருதம் கற்று, இந்தியர்களின் சமயத்தையும் கணிதத்தையும் வானியலையும் அவர்களுடைய நூல்களைக் கொண்டே எழுதினார். கடைசிவரை முஸ்லிமாகவே இருந்தார். குர்ஆனின் 49:13 வசனம், மனிதர்களைப் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்கிறது. அறிந்துகொள் என்று சொன்ன பிறகு அறியாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

ஆனால் வரிசை முக்கியம். முதல் கேள்விக்கான பதிலில் சொன்னதுபோல் முதலில் நம் கிதாபு, அதாவது நம் மார்க்க நூல்கள். பதினைந்து வயதுப் பையனை நேராக ஒப்பாய்வில் இறக்கிவிட்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

தப்பா நினைக்காதீங்க பாய், இது மதமாற்றத்துக்கு வேற பேர்தானே?

தருமபுரியில் ஒரு தலைமையாசிரியர் இப்படி நேராகவே கேட்டார். மனத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பதைவிட இப்படிக் கேட்பது எவ்வளவோ மேல்.

அழைப்புப் பணி, அதாவது பிறரை இஸ்லாத்துக்கு அழைப்பது, வேறு. அது முஸ்லிம்களின் கடமைகளில் ஒன்று. நம் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவும் தன் சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வகுப்பறை அதற்கான இடம் அல்ல. வகுப்பறையில் நான், முஸ்லிம்கள் எதை நம்புகிறார்கள், ஏன் அப்படி வாழ்கிறார்கள் என்பதை விளக்குகிறேன். நீங்களும் நம்புங்கள் என்று சொல்வதில்லை. துண்டறிக்கை கொடுப்பதில்லை. பிள்ளைகளின் போன் எண் வாங்குவதில்லை. நான் பேசும் நேரமெல்லாம் வகுப்பாசிரியர் உள்ளே இருக்க வேண்டும் என்பது நானே போடும் நிபந்தனை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று 2:256 சொல்லும்போது, ஆசிரியர் என்ற அதிகாரத்தோடு பிள்ளைகள் முன் நிற்பவன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிக்குள்ள போய் மதத்தைப் பத்திப் பேசலாமா? சட்டம் விடுமா?

முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. சமயங்களைப் பற்றிய கல்விக்கு அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் தெளிவாக்கியது. போதனைக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாடு முந்தைய பதிலில் சொன்னதுதான்.

நடைமுறையில் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அழைப்பும், மேலதிகாரிகளின் அனுமதியும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். முடிந்தால் தனியாகப் போக வேண்டாம். ஒரு பாதிரியாரோ, சைவ நூல் படித்த ஒரு தமிழ்ப் புலவரோ கூட வந்தால் பிள்ளைகளுக்கும் லாபம், பெற்றோருக்கும் நிம்மதி.

கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டா போகலாமா? பிரசாதம் கொடுத்தா என்ன பண்றது?

அழைப்பை மதித்துப் போய்ப் பார்ப்பதும், பெரியவர்களுக்கு மரியாதை செய்வதும், வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் ஒரு பக்கம். வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு. அந்தக் கோட்டை நான் தாண்டுவதில்லை. படைத்த பிரசாதத்தை நான் சாப்பிடுவதில்லை. "எங்க மார்க்கத்துல இதுக்கு ஒரு வரம்பு இருக்குங்க, மன்னிச்சுக்கணும், மோர் இருந்தா குடுங்க" என்று சொல்லிவிடுவேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூடக் கோபித்ததில்லை. சுற்றி வளைத்துப் பொய்க் காரணம் சொன்னால்தான் மனம் புண்படும். சைவ உணவு மட்டும் உண்பவர் நம் வீட்டு நிக்காஹ்வுக்கு வந்து பிரியாணி வேண்டாம் என்றால் நாம் கோபிக்கிறோமா?

வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தர் என்று ஒரு காவல் தெய்வம் உண்டு. பெயரே சொல்கிறது, முஸ்லிம் வீரர். மார்க்க அறிஞனாக அந்த வழிபாட்டை நான் ஏற்க முடியாது. ஆனால் ஒரு முஸ்லிமைத் தங்கள் அம்மனுக்குக் காவலாக நம்பி நிறுத்திய மக்களோடு நான் பேசப் போகிறேன் என்பதை மறக்கவும் கூடாது. கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். தர்காவைப் பற்றி ஆலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்தைப் பிறர் முன்னால் நடத்தாமல் இருந்தால் போதும்.

அப்போ எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்லணுமா?

சொல்ல வேண்டாம், அது உண்மையும் அல்ல. அல்லாஹ் ஒருவனே, அவனுக்கு இணை இல்லை என்பது என் அடிப்படை. இயேசுவை இறைமகன் என்பது கிறித்தவரின் அடிப்படை. இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் சொன்னால் இருவரையும் அவமதித்ததாகும். "உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு" என்பது 109:6.

நபியவர்களின் காலத்தில் நஜ்ரான் கிறித்தவர்கள் மதீனா வந்தார்கள். கடுமையான கொள்கை விவாதம் நடந்தது. அதே ஆட்கள் நபியின் பள்ளிவாசலுக்குள்ளேயே தங்கள் முறைப்படி தொழ அனுமதிக்கப்பட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதிய நபி வரலாறு சொல்கிறது. கருத்தில் விட்டுக்கொடுக்காத அதே வேளையில் இடம் விட்டுக் கொடுத்தார்கள். 2007-இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறித்தவத் தலைவர்களுக்கு எழுதிய திறந்த மடலும் இறைவனை நேசிப்பது, அயலாரை நேசிப்பது என்ற இரண்டை மட்டும் பொதுவாக எடுத்துக்கொண்டது. மற்றவற்றை மழுப்பவில்லை.

என் பையன் யூடியூப்ல மத விவாதம் பண்ற வீடியோவா பார்க்கறான். அவனை இந்தப் பக்கம் கொண்டுவரலாமா?

கொண்டு வரலாம், ஆர்வம் இருக்கிறது அல்லவா. ஆனால் விவாத மேடையில் எதிராளி தோற்க வேண்டும். நம் பணியில் எதிரே இருப்பவர் நாளைக்கும் நம்மோடு பேச வேண்டும். அவர்கள் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள் என்று 6:108 நேரடியாகவே தடுக்கிறது. பையனுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். பக்கத்து வீட்டு நண்பனின் நம்பிக்கையை அவனிடமே கேட்டு எழுதட்டும். எழுதியதை அந்த நண்பனிடமே படித்துக் காட்டட்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவன் ஒப்புக்கொள்ளும்வரை திருத்தட்டும். என் மாணவர்கள் பலருக்கு மூன்று முறை திருத்த வேண்டி வந்தது.

தமிழ்நாட்டுல இப்படி முன்னாடி யாராவது இருந்திருக்காங்களா?

நிறைய. கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை நடந்தபோது அருட்பாவின் பக்கம் நின்று வாதாடினார். சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபுவைப் போற்றிச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார். நாகூரில் பிறந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், சென்னைக் கம்பன் கழகத்தைக் கட்டி வளர்த்தவர். அவர் மதரஸாவில் ஓதிய ஆலிம் அல்ல; இருந்தும் அவரைச் சொல்வதற்குக் காரணம், கம்பனை அவர் பேசக் கேட்கக் கூட்டம் காத்துக் கிடந்தது. அடுத்தவர் நூலில் அந்த அளவுக்கு ஆழம் வேண்டும். வடக்கே பார்த்தால் மௌலானா வஹீதுத்தீன் கான். மதரஸாவில் படித்து, 1976-இல் அர்ரிஸாலா இதழைத் தொடங்கி, 2021-இல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

பொண்ணுங்க இதைச் செய்யலாமா?

தாராளமாக. பெண்களுக்கான ஆலிமா படிப்பு பல ஊர்களில் நடக்கிறது. ஆண்டுகளும் பெரும்பாலும் குறைவு. மகளிர் பள்ளிகளிலும் சுய உதவிக் குழுக்களிலும் நான் போய்ப் பேசுவதைவிட ஓர் ஆலிமா போவது பல மடங்கு பயன். புர்கா, தலாக், சொத்துரிமை பற்றிய கேள்விகளை என்னிடம் கேட்கத் தயங்கும் பெண்கள் அவரிடம் மனம் விட்டுக் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் இப்படிப் போகிறவர்கள் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஊர்வல நேரத்துல வாட்ஸ்அப்ல ஏதாவது வதந்தி வந்தா ஹஸ்ரத் என்ன பண்ணணும்?

வதந்தி வந்த பிறகு ஓடினால் தாமதம். விநாயகர் சதுர்த்திக்கு முன் அதிகாரிகள் கூட்டும் அமைதிக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கோயில் நிர்வாகியின் போன் எண் உங்களிடமும் உங்கள் எண் அவரிடமும் இருக்க வேண்டும். செய்தி வந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு காவல் நிலையத்தில் கேளுங்கள். தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்பது 49:6. ஜும்ஆவில் அந்த வசனத்தை ஓதி, அதே மூச்சில் விசாரித்த விவரத்தையும் சொல்லுங்கள்.

மேடையில பதில் தெரியாத கேள்வி வந்துட்டா?

தெரியாது என்று சொல்லுங்கள். பெரும் மார்க்கச் சட்ட அறிஞரான இமாம் மாலிக்கிடம் ஒரே அமர்வில் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டபோது பெரும்பாலானவற்றுக்கு "எனக்குத் தெரியாது" என்றார் என்பது மதரஸாவில் எல்லோரும் கேட்டு வளரும் செய்தி. நான் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். கேள்வியையும் பள்ளியின் பெயரையும் குறித்துக்கொள்வேன். என் உஸ்தாதிடமோ (ஆசிரியரிடமோ), கேள்வி சைவத்தைப் பற்றியதென்றால் அது படித்த புலவரிடமோ கேட்டு, தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதி அனுப்புவேன். சென்ற மாதம் பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு மாணவி, "பறவைகளும் தொழுமா?" என்று கேட்டாள். 24:41 வசனம் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. இறக்கை விரித்த பறவைகளும் தத்தம் தொழுகையை அறிந்திருக்கின்றன என்பது அந்த வசனம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஞாபகம் வந்தது. மறுநாளே கடிதம் போட்டுவிட்டேன்.